நடுக்கோடு இல்லாத திருநீறு

அத்தியாயம் ஆறு

அரியலூர் ஜின்னிங் மில் வாசலில் கார் நின்றதும் அதன் இடது பக்கக் கதவு தானாகத் திறந்துகொண்டது.

"நம்ம காருக்கு மரியாத தெரியும் சார். எறங்குங்கன்னு யாரும் சொல்றதுக்கு முன்னாடியே கதவத் தொறந்து விட்டுருது," என்றாள் பஞ்சவர்ணம்.

அடுத்த வாரம் சரி செய்துவிடலாம் என்றார் உத்திராபதி.

"தீபாவளிக்கும் அடுத்த வாரம்னுதான் சொன்னீங்க. திருச்சிலேருந்து அரியலூர் வரைக்கும் ஒருத்தி கதவப் புடிச்சிக்கிட்டே வந்தான்னு எங்கயாவது கல்வெட்டுல பொறிச்சு வைங்க. எனக்கு அது போதும்."

உத்திராபதி திருச்சியில் சின்னதாக ஒரு துப்பறியும் அலுவலகம் நடத்திவந்தார். போலீஸ் வேலையை விட்டு வெளியே வந்தவர். திருநீறு பூசாமல் வாசற்படி தாண்டமாட்டார். எளியவர்களையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். பஞ்சவர்ணம் முன்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். கணவர் இறந்த பிறகு உத்திராபதிக்கு உதவியாளராக வந்து சேர்ந்தாள். வாய் மட்டும் இன்னும் எக்ஸ்சேஞ்சிலேயே இருந்தது. எந்த நேரமும் யாரோடாவது இணைப்பில் இருக்கும்.

காரின் பின்பக்கம் ஒரு மூட்டை சின்ன வெங்காயம் கிடந்தது. இந்த வழக்குக்கு அவர்கள் பெற்ற கட்டணம் அதுதான். கொடுத்தவள் உண்ணாமலை.

உண்ணாமலையின் கணவன் கொளஞ்சியப்பன் இந்த ஜின்னிங் மில்லில் மெஷின்களைக் கழற்றி மாட்டும் பிட்டராக இருந்தவன். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்சாக்கும் ஆலை இது. ஒரு பெரிய ஆயில் எஞ்சின். அதிலிருந்து அகலமான ஒரு தோல் பெல்ட். அந்த பெல்ட்டின் இழுப்பில்தான் உள்ளே இருக்கும் மெஷின்கள் அத்தனையும் ஓடின. பொங்கல் கழிந்த சில நாட்களில், பெல்ட்டுக்கு அடியில் சிதறிய பஞ்சைக் கூட்டிக்கொண்டிருந்த மலர்கொடி என்ற பெண்ணின் முந்தானையை அது பிடித்து இழுத்தது. உயிர் தங்கியது. வலது கை முழங்கைக்குக் கீழே இல்லாமல் போயிற்று. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள்.

மறுநாள் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தபோது பெல்ட்டை மறைத்து ஒரு தகட்டுக் கூண்டு ஒழுங்காக மாட்டப்பட்டிருந்தது. கூண்டு எப்போதும் உண்டு, எண்ணெய் போடக் கழற்றிய கொளஞ்சியப்பன்தான் திரும்ப மாட்ட மறந்துவிட்டான், விபத்துக்குப் பிறகு பயந்துபோய் மாட்டினான் என்று முதலாளி அரங்கநாதன் சொன்னார். கூண்டு போடாத முதலாளியைச் சட்டம் தண்டிக்கும். போட்ட கூண்டைக் கழற்றி வைக்கிற தொழிலாளியையும் தண்டிக்கும். கொளஞ்சியப்பன் கைதாகி, வேலை போய், இப்போது ஜாமீனில் இருந்தான். திங்கட்கிழமை கோர்ட்.

அவன் சொன்னது வேறு. அவன் வேலைக்குச் சேர்ந்த பிறகு எந்த இன்ஸ்பெக்டரும் அங்கே வரவில்லை; கூண்டு என்ற ஒன்றை அந்த மில்லில் அவன் கண்ணால் கண்டதே இல்லை. விபத்து நடந்த அன்று சாயங்காலம் முதலாளி எங்கிருந்தோ ஒரு கூண்டை வரவழைத்து, இனிமேலாவது யாருக்கும் இப்படி ஆகக்கூடாது, மாட்டு என்றாராம். கொளஞ்சியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல காரியம் என்று மனம் நிறைந்து, தன் கையாலேயே போல்ட்டுகளை முடுக்கினான். அந்த போல்ட்டுகள் இன்று அவன் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தன. அவனை யாரும் நம்பவில்லை. மலர்கொடியின் புருஷன் அவனைத் தெருவில் கண்டால் காறித் துப்பினான்.

இதெல்லாம் தெரிந்துதான் உத்திராபதி அந்த வியாழக்கிழமை காலை மில்லுக்குள் நுழைந்தார். அவர் பார்க்க வந்தது ஒரே ஒரு பொருளை: அந்தக் கூண்டை.

அரங்கநாதன் இருவரையும் உட்காரவைத்து மோர் கொடுத்தார். நெற்றியில் அழகான நாமம். சனிக்கிழமைதோறும் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குத் துளசி கொண்டுபோகிறவர். மலர்கொடியைப் பற்றிப் பேசியபோது அவர் குரல் கம்மியது. அது நடிப்பில்லை என்பதுதான் உத்திராபதிக்குச் சங்கடமாக இருந்தது. இவ்வளவு இளகுகிற மனம் முன்னாலேயே ஒரு கூண்டு செய்யச் சொல்லியிருக்கக் கூடாதா?

"தாராளமாப் பாருங்க சார்," என்றார் அரங்கநாதன். "எங்கிட்ட ஒளிக்க ஒண்ணுமில்ல. சாமி பேர்ல நடக்குற மில்லு."

உண்மையிலேயே சாமி பேரில்தான் நடந்தது. எஞ்சினில் நாமம் இருந்தது. ஒவ்வொரு மெஷினிலும் இருந்தது. எடை போடும் தராசில், கதவு நிலையில், தண்ணீர்ப் பானை வைக்கும் பலகையில்கூட இருந்தது. போன ஆயுத பூஜைக்கு இட்டது. அடுத்த ஆயுத பூஜை வரை யாரும் அழிக்கமாட்டார்கள். அதன்மேல் பஞ்சுத் தூசி மெல்லிய போர்வையாகப் படிந்திருந்தது.

கூண்டு ஆள் உயரம் இருந்தது. உள்ளே பெல்ட் ஓடும் சத்தம் ஏதோ மிருகம் மூச்சு விடுவதைப் போலக் கேட்டது. உத்திராபதி கூண்டைச் சுற்றி வந்தார். நெஞ்சு உயரத்தில் ஓரிடத்தில் நின்று, தூசியை வாயால் ஊதினார். குழைத்துப் பூசிக் காய்ந்த திருநீறு தெரிந்தது. அவர் தன்னையறியாமல் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நிமிர்ந்தபோது அரங்கநாதன் திருநீற்றைத் தொட்ட தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். பக்தியைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம்.

வெளியே வந்து காரில் ஏறும்வரை பஞ்சவர்ணம் பொறுத்துக்கொண்டாள்.

"வூட்டுல அத்தன பேரும் நாமம். ஒருத்தரு மட்டும் திருநீறு. அப்படின்னா அவரு வெளியூர்லேருந்து வந்த மாப்பிள்ளையா இருக்கணும். சரிதானா சார்?"

சரிதான் என்றார் உத்திராபதி. ஆயுத பூஜை நடந்தது ஐப்பசிக்கு முன்னால். விபத்து தையில். பூஜையன்று அந்தக் கூண்டு இந்த மில்லில் இருந்திருந்தால் அதற்கும் நாமம்தான் விழுந்திருக்கும். தண்ணீர்ப் பானைப் பலகையை விடாதவர் கூண்டை விட்டிருக்கமாட்டார்.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா. திருநீறு எத்தன கோடு பூசுவாங்க?"

"மூணு. சின்னப் புள்ளையக் கேட்டாலும் சொல்லும்."

அவர் டாஷ்போர்டில் படிந்த புழுதியில் மூன்று விரலால் இழுத்துக் காட்டினார். பிறகு நடுவிரலை மட்டும் மடக்கிக்கொண்டு மறுபடி இழுத்தார். இரண்டு கோடுகள், நடுவில் வெறும் இடம்.

"கூண்டுல இருந்தது இது. நடுக்கோடு அழிஞ்சு போகல, விழவே இல்ல. பூசினவருக்கு நடுவிரல் கிடையாது."

பஞ்சவர்ணம் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வேல முடிஞ்சுது சார். நடுவிரல் இல்லாத ஆளு ஊருக்கு எத்தன பேரு இருந்துரப் போறான்? சாயங்காலத்துக்கு முன்னாடி புடிச்சிரலாம்."

குன்னத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். சுற்றிலும் பருத்திக்காடு. கடைக்காரரிடம் பஞ்சவர்ணம் விஷயத்தை நயமாக எடுத்தாள்: ஜின்னிங் மில் ஏதாவதொன்றில் விரல் போன ஆள் ஒருவரைத் தேடி வந்திருக்கிறோம், தூரத்து உறவு.

"எந்த வெரலும்மா?" என்றார் கடைக்காரர்.

அவள் சொல்வதற்குள் பெஞ்சில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பெயராகச் சொல்லத் தொடங்கினார்கள். சுண்டுவிரல் போனவர், கட்டைவிரல் போனவர், இரண்டு விரல் போய்க் காடு காக்கப் போனவர், விரல் போன அடுத்த வாரமே வேலைக்கு வந்து இன்னொன்றையும் விட்டவர். சொன்னவர்கள் யாரும் வருத்தப்படவில்லை. சீட்டாட்டத்தில் தோற்றவர்களைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது. கடைக்காரர் டீயை ஆற்றிக் கொடுத்தபோது கிளாஸைப் பிடித்திருந்த கையில் மோதிரவிரல் பாதியில் நின்றிருந்தது.

"நானும் மில்லுலேருந்து வந்தவன்தான்," என்றார் அவர்.

பஞ்சவர்ணம் அதற்குப் பிறகு ஒன்றும் பேசாமல் டீயைக் குடித்தாள். அவள் ஒரு வேடிக்கையும் சொல்லாமல் டீ குடித்து உத்திராபதி பார்த்ததில்லை.

நடுவிரல் இல்லாதவர், சிவபக்தர், மில்லில் பூஜை போடுகிறவர் என்று உத்திராபதியே மெதுவாகக் கேட்டார். கடைக்காரர் யோசிக்கவேயில்லை. "அப்ப சிறுவாச்சூர் மில்லு அமாவாசதான். எஞ்சின் ஓட்டுறவரு. சாமி கும்புடுறவருன்னு மொதல்ல சொல்லக் கூடாதா?"

சிறுவாச்சூர் மில் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. முதலாளி பெரம்பலூருக்குப் போயிருந்தார். உள்ளே நுழைந்ததும் முதலில் சத்தம்தான் கேட்டது. இங்கே அது மூச்சு அல்ல. அறைந்துகொண்டே இருக்கும் சத்தம். பெல்ட் திறந்து கிடந்து ஓடியது. அதன் கீழே ஒரு பெண் குனிந்து துடைப்பத்தால் பஞ்சை இழுத்துக்கொண்டிருந்தாள். தோளிலிருந்து நழுவிய முந்தானை பெல்ட்டின் பக்கம் ஆடிக்கொண்டிருந்தது.

பஞ்சவர்ணம் ஓடிப்போய் அந்த முந்தானையைப் பிடித்தாள். அந்தப் பெண்ணை வெளியே இழுத்து, தன் ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிக் குத்திவிட்டாள். இப்படித் தொங்கவிட்டுக்கொண்டு குனியாதே, வீட்டில் சொல்லித் தரவில்லையா என்று திட்டவும் செய்தாள். அந்தப் பெண் வெட்கத்தோடு சிரித்தாள். அவள் பெயர் ஆண்டாயி. எஞ்சின் ஓட்டும் அமாவாசையின் மகள்.

பெல்ட்டின் இருபுறமும் தரையில் போல்ட் மாட்டும் துளைகள் இருந்தன. துரு இல்லை. அடிக்கடி போல்ட் ஏறி இறங்கும் துளைகள்.

அமாவாசை எஞ்சின் அறையில் இருந்தார். நெற்றி நிறைய இரண்டு கோடு திருநீறு. வந்தவர்களைப் பார்த்ததும் வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். கூண்டா, அப்படி ஒன்று இங்கே இருந்ததே இல்லை என்றார். உத்திராபதி கேட்ட எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். அவர் பொய் சொல்லிப் பழகாதவர். ஒவ்வொரு முறையும் எஞ்சினைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

பஞ்சவர்ணம் குறுக்கே வந்தாள். அவள் கூண்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"அந்த வெரலு போனப்ப ரொம்ப வலிச்சுதாண்ணே?"

அமாவாசை அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு துண்டிலிருந்து கையை எடுத்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

அவருடைய விரல் போனபோதுதான் கூண்டு செய்ய உத்தரவு வந்தது. சிறுவாச்சூர், குன்னம், அரியலூர் மூன்று மில்லுக்கும் வந்தது. மூன்றிலும் ஒரே கம்பெனி எஞ்சின், ஒரே அளவு பெல்ட். முதலாளிகள் மூவரும் உட்கார்ந்து பேசி ஒரே ஒரு கூண்டு செய்தார்கள். இன்ஸ்பெக்டர் எந்த மில்லுக்கு வருகிறார் என்று தகவல் வருகிறதோ, அந்த மில்லுக்குப் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே கூண்டு போகும். மற்ற நாட்களில் சிறுவாச்சூரில் ஒரு மூலையில் சாத்தி வைத்திருப்பார்கள். மாட்டி வைத்தால் பெல்ட்டுக்கு அடியில் கூட்ட நேரமாகிறது என்று முதலாளிக்குக் குறை.

"நாங்க அதுக்கு உற்சவர்னு பேரு வச்சிருக்கோம்," என்றார் அமாவாசை. "ஊர் ஊராப் போய்ட்டு வரும். எங்கயும் தங்காது."

ஆனாலும் அவர் அதை வெறும் தகடாக நினைக்கவில்லை. ஆயுத பூஜையன்று எஞ்சினுக்கு முன்னால் அதற்குத்தான் முதலில் திருநீறு பூசுவார். முதலில் கவிழ்த்துப்போட்டு உள்பக்கம், அப்புறம்தான் நிமிர்த்தி வெளிப்பக்கம். ஏன் என்று பஞ்சவர்ணம் கேட்டதற்கு, வெளிப்பக்கம் பார்க்கிறவர்களுக்கு, உள்பக்கம் பெல்ட்டுக்கு என்றார். பெல்ட்டுக்கும் கொஞ்சம் பயம் வேண்டும் அல்லவா?

இதைத் திங்கட்கிழமை கோர்ட்டில் வந்து சொல்ல முடியுமா, சொன்னால் ஒரு நிரபராதி ஜெயிலுக்குப் போகமாட்டான் என்று உத்திராபதி கேட்டார்.

அமாவாசை எழுந்து நின்று கும்பிட்டார். "எம்மவளும் இங்கதாங்க வேல செய்யிறா. வூட்டுல வேற வருமானம் கெடயாது. நீங்க யாரையாவது கூட்டியாந்து கேட்டா, சொல்லலன்னுதான் சொல்லுவேன். என்னயப் பொய் சொல்ல வச்சிராதீங்க சாமி."

அதற்குமேல் உத்திராபதி வற்புறுத்தவில்லை. ஏழையின் பயத்தை உடைத்து உள்ளே போகிற துப்பறிவாளராக இருக்க அவருக்கு விருப்பமில்லை.

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் இளையபெருமாள் திங்கட்கிழமை சாட்சி சொல்வதற்காகப் பெரம்பலூர் பயணியர் மாளிகையில் வந்து தங்கியிருந்தார். நேர்மையானவர். ஆனால் ஜில்லாவின் பாதிக்கு அவர் ஒருவர்தான். அவருக்கு ஒரு ஜீப், அதுவும் பாதி நாள் ஒர்க்‌ஷாப்பில். அவர் எங்கே கிளம்பினாலும், ஜீப் கிளம்புவதற்கு முன்பே தகவல் கிளம்பிவிடும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நம்புறேன் சார். நம்பி என்ன செய்ய? நான் கண்ணால பாத்ததத்தான் எழுத முடியும். அன்னிக்குப் போனேன், கூண்டு இருந்துச்சு. இருந்துச்சுன்னு எழுதினேன்."

"ஒரே கூண்டு மூணு எடத்துல இருக்க முடியாதே?" என்றார் உத்திராபதி.

அந்த யோசனை அப்படித்தான் பிறந்தது. இதுவரை தகவல் ஒரு மில்லுக்குத்தான் போகும். நாளைக்கு மூன்றுக்கும் ஒரே சமயத்தில் போகட்டும். இன்ஸ்பெக்டர் யாரிடம் முதலில் வருவார் என்பது யாருக்கும் தெரியக்கூடாது. மூன்று பேரும் ஒரே கூண்டுக்கு அடித்துக்கொள்வார்கள். எங்கே போனாலும் இரண்டு மில்லில் பெல்ட் வெறுமனே ஓடும். இன்ஸ்பெக்டர் கண்ணால் பார்ப்பார்.

இளையபெருமாளின் அனுமதியோடு பஞ்சவர்ணம் போனை எடுத்தாள். பழைய எக்ஸ்சேஞ்ச் குரலை வரவழைத்துக்கொண்டு மூன்று மில்லுக்கும் பேசினாள். இன்ஸ்பெக்டர் நாளைக் காலை வருகிறார், அவ்வளவுதான். மூன்றாவது போனை வைத்துவிட்டு, "கல்யாணத்துக்குச் சொல்லியாச்சு. ஒரு மாப்பிள்ள, மூணு பொண்ணு. நாளைக்கு நல்ல வேடிக்க," என்றாள்.

வேடிக்கை நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சிறுவாச்சூர் சாலையில் காளி கோயிலுக்குப் போகும் கூட்டம் நிறைந்திருந்தது. ஜீப்பும் பின்னால் காரும் ஊர்ந்துதான் போக முடிந்தது. மில்லை நெருங்கியபோது அறையும் சத்தம் கேட்கவில்லை. கேட்டில் பூட்டு தொங்கியது. எஞ்சின் கழற்றிப் பழுது பார்க்கப்படுகிறது, இன்று மில் கிடையாது என்று காவல்காரர் சொன்னார்.

இளையபெருமாள் பூட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

"ஓடுற பெல்ட்டுக்குத்தான் சார் கூண்டு இருக்கணும். நின்னு கெடக்குற எஞ்சினுக்குக் கூண்டு எங்கன்னு கேட்க எனக்குச் சட்டத்துல எடமில்ல." அவர் குரலில் கோபம்கூட இல்லை. குன்னத்து மில்லும் பூட்டித்தான் கிடக்கும் என்று மூவருக்கும் தெரிந்துவிட்டது.

கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் நடந்து வந்தவர்கள். வேலை இல்லை என்றால் அன்றைக்குக் கூலியும் இல்லை. போன் யார் போட்டது என்பது அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. ஒருத்தி பஞ்சவர்ணத்தின் காதுபடவே சொன்னாள், நல்லது செய்ய வந்தவங்க அடுப்ப அணைச்சிட்டுப் போறாங்க என்று. ஆண்டாயி எழுந்து வந்தாள். இடுப்பிலிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள்.

"இந்தாங்க்கா ஒங்க ஊக்கு."

பஞ்சவர்ணம் அதை வாங்கிக்கொண்டாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடி நின்றாள். உத்திராபதி கெட்டிக்காரத்தனமாக ஒரு வலை விரித்தார். அதில் மாட்டியது இந்தப் பெண்களின் ஒரு நாள் சோறு. இறைவா, என் புத்தியை எனக்கே பெரிதாகக் காட்டாதே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டார்.

அப்போதுதான் மரத்துக்குப் பின்னாலிருந்து அமாவாசை வந்தார். யாரையும் பார்க்காமல் நேராக ஜீப்பிடம் போனார். மடியிலிருந்து திருநீற்றுப் பையை எடுத்துக் கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டி, காவல்காரரின் செம்பிலிருந்து தண்ணீர் விட்டுக் குழைத்தார். ஜீப்பின் முன்புறத்தில் வலது கையால் இழுத்துப் பூசினார்.

இரண்டு கோடுகள். நடுவில் வெறும் இடம்.

"அப்பா," என்றாள் ஆண்டாயி.

"சும்மா இரு ஆயி." அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்துத் திரும்பினார். "அரியலூருல நிக்கிற கூண்டு எங்க மில்லு கூண்டுங்க. பூசினது நான். எழுதிக்கிங்க." பிறகு பஞ்சவர்ணத்தைக் காட்டினார். "வெரலு போயி இத்தன வருசத்துல, வலிச்சுதான்னு கேட்டது இந்தம்மா ஒருத்திதான். ராவெல்லாம் தூக்கம் வரல."

அமாவாசையையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அரியலூர் மில் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கில் இருக்கும் கூண்டை வேறெங்கும் அனுப்ப முடியாது என்பதால் அரங்கநாதன் நிம்மதியாக இருந்தார். எல்லோரையும் வாசலுக்கே வந்து வரவேற்றார். உத்திராபதி நேராகக் கூண்டிடம் போய் அப்படியே நின்றுவிட்டார்.

கூண்டு பளபளவென்று கழுவப்பட்டிருந்தது. நெஞ்சு உயரத்தில் ஈரம் காயாத புத்தம்புதிய நாமம்.

"வெள்ளிக்கெழம பாருங்க. சுத்தம் பண்ணி இட்டேன்," என்றார் அரங்கநாதன். அமாவாசையை அவர் பார்க்கவே இல்லை.

உத்திராபதி பக்கத்தில் கிடந்த பஞ்சு மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். நேற்று அந்தத் திருநீற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது தானேதான். இளையபெருமாள் ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடினார். உள்ளே பெல்ட் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பஞ்சவர்ணம் மட்டும் கூண்டையே உற்றுப் பார்த்தபடி நின்றாள்.

"சார், உள்பக்கம் பெல்ட்டுக்கு," என்றாள்.

உத்திராபதி எழுந்தார். எஞ்சினை நிறுத்திக் கூண்டைக் கழற்றச் சொல்லும்படி இன்ஸ்பெக்டரிடம் கேட்டார். கழற்றுவதற்குப் பிட்டர் இல்லையே என்றார் அரங்கநாதன். அவர் சொன்னது நிஜம்தான். பிட்டர் இல்லாததால்தான் அவராலும் உள்பக்கத்தைக் கழுவ முடியவில்லை.

ஜீப் டிரைவர் ஸ்பேனரை எடுத்துவந்தார். எஞ்சின் ஓய்ந்தது. கூண்டைத் தூக்கிச் சாய்த்தார்கள். உள்ளே, பெல்ட்டைப் பார்த்தபடி, பெல்ட்டின் காற்றில் தூசிகூடப் படியாமல், இரண்டு கோடு திருநீறு இருந்தது. அமாவாசை யாரும் சொல்லாமலே கையை நீட்டி அந்தக் கோடுகளின்மேல் விரல்களை வைத்தார். அவை அப்படியே பொருந்தின.

அரங்கநாதன் நாமம் இட்ட தன் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். இளையபெருமாள் பேனாவைத் திறந்தார்.

திங்கட்கிழமை அரசுத் தரப்பே கொளஞ்சியப்பன் மேலிருந்த வழக்கைத் திரும்பப் பெற்றது. அரங்கநாதன் மேல் புது வழக்கு வரும். அது பல மாதம் நடக்கும். கடைசியில் ஏதோ ஓர் அபராதத்தோடு முடியும் என்று வக்கீல்கள் அப்போதே பேசிக்கொண்டார்கள். மலர்கொடியின் புருஷன் கோர்ட் வாசலில் கொளஞ்சியப்பனின் எதிரே வந்து தலைகுனிந்து நின்றான். எப்படித் தலைகுனிந்தாலும் மலர்கொடியின் கை திரும்பி வராது.

உண்ணாமலை அழுதுகொண்டே கும்பிட்டாள். கொளஞ்சியப்பன் உத்திராபதியின் காருக்குப் பக்கத்தில் நின்று, திறந்து தொங்கிய கதவைப் பார்த்தான். கேட்காமலே கம்பியும் ஸ்பேனரும் கொண்டுவந்து அதை முடுக்கினான். கதவு முதல் முறையாக மூடியபடி நின்றது.

"கூண்டு எங்கங்க இருக்கு?" என்றான் கையைத் துடைத்துக்கொண்டே.

"கோர்ட்டுலதான். சாட்சிப் பொருளாச்சே. வழக்கு முடியிற வரைக்கும் வெளிய வராது."

"அப்ப மில்லுல?"

மூன்று மில்லுக்கும் இருந்தது அந்த ஒரு கூண்டுதான். புதுக் கூண்டு செய்யச் சொல்லி இளையபெருமாள் நோட்டீஸ் கொடுத்திருந்தார். நோட்டீசுக்கு அவகாசம் உண்டு. அவகாசம் முடியும்வரை மூன்று பெல்ட்டும் ஓடும். உற்சவரும் இல்லாமல் ஓடும்.

திருச்சிக்குத் திரும்பும் வழியில் சிறுவாச்சூரில் காரை நிறுத்தச் சொன்னாள் பஞ்சவர்ணம். திங்களும் வெள்ளியும் மட்டுமே திறக்கும் காளி கோயில் அன்று திறந்திருந்தது. வளையல் கடையில் அட்டை அட்டையாக ஊக்கு வாங்கினாள். வழியெல்லாம் கதவைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அவள் கை பழக்கத்தில் அங்கேதான் இருந்தது.

மில் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. அமாவாசைக்கும் அவர் மகளுக்கும் அன்று காலையோடு வேலை போய்விட்டது. ஆனால் ஆண்டாயி வீட்டுக்குப் போகவில்லை. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். பஞ்சவர்ணம் ஊக்கு அட்டைகளை அவளிடம் நீட்டினாள். வாங்குவாளோ மாட்டாளோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆண்டாயி வாங்கிக்கொண்டாள். சாப்பாட்டு நேரம் முடிந்து பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவள் கேட்டில் போய் நின்று, முதலில் வந்தவளை நிறுத்தி, முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகி ஊக்குக் குத்தினாள். பிறகு அடுத்தவளை நிறுத்தினாள். உள்ளே பெல்ட் அறைந்துகொண்டே இருந்தது.